பக்கத்து ஆசனம்

பாப்பிரெட்டிப்பட்டிக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "நாளைக்கு நான் ஒரு ராலிக்குப் போகிறேன்" என்று யாராவது சொன்னால், "எந்தக் கட்சி ராலி?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. கொடி, கோஷம், லாரி லாரியாக வந்து இறங்கும் ஜனங்கள் – நமக்குத் தெரிந்த ராலி அதுதான். மோட்டார் ராலி என்று ஒன்று உண்டு, அதற்குப் பள்ளிக்கூடமும் உண்டு, சனி ஞாயிறு இரண்டு நாள் போய்ப் பாடம் கேட்டுவிட்டு வரலாம் என்று விளக்கிச் சொன்னால், "கார் ஓட்டத் தெரிந்தவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஐரோப்பாக்காரர்களே இதற்குப் பதில் கண்டுபிடிக்க அறுபது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

முதலில் பெயரைக் கவனிப்போம். பிரெஞ்சு பாஷையில் 'ரலியே' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. சிதறிப் போனவர்களை மறுபடி ஓரிடத்தில் கூட்டுவது என்று பொருள். 1911-ஆம் வருஷம் ஜனவரி மாதம் மொனாக்கோ என்னும் குட்டி ராஜ்யத்தில், குளிர்காலத்தில் வந்து பணத்தைச் செலவழித்துப் போகச் சீமான்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்தும் கார்கள் புறப்பட்டு மாண்டி கார்லோவில் வந்து கூடவேண்டும் என்று போட்டி வைத்தார்கள். 23 பேர் பெயர் கொடுத்தார்கள். ஆகவே, நம் கட்சி ராலியும் அவர்களுடைய மோட்டார் ராலியும் சொல்லளவில் ஒன்றுதான். பல திக்குகளிலிருந்து வந்து ஓரிடத்தில் கூடுவது.

அந்த முதல் ராலியில் பரிசு பெற்றவர் ஹென்றி ரூஜியே என்பவர். அவர் ஓட்டிய காரின் பெயர் துர்க்கா-மெரி. துர்க்கையும் மேரியும் கூட்டாகச் சேர்ந்து நடத்திய கம்பெனிபோல் தொனிக்கிறது. உண்மையில் அது மார்சேல்ஸ் பட்டணத்துக் கார். இதில் வேடிக்கை என்னவென்றால், வேகத்துக்காக மட்டும் பரிசு கொடுக்கவில்லை. வண்டி எவ்வளவு அழகாக இருக்கிறது, உள்ளே உட்கார்ந்தவர்கள் எவ்வளவு சௌகரியமாக வந்தார்கள், வந்து சேர்ந்தபோது வண்டி என்ன நிலையில் இருந்தது என்றெல்லாம் பார்த்து மார்க் போட்டார்கள். பெர்லினிலிருந்து நெடுந்தூரம் ஓட்டி வந்த ஜெர்மானியக் காப்டன் ஒருவருக்கு இது மகா கோபத்தை உண்டாக்கிற்று. பனியிலும் சேற்றிலும் ஓட்டிக்கொண்டு வந்தவனிடம், "உங்கள் வண்டியில் சேறு இருக்கிறதே" என்று சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் வேகத்துக்குப் பரிசு கொடுக்கத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1903-ஆம் வருஷம் மே மாதத்தில், பாரிஸிலிருந்து மாட்ரிட் வரையில் ஒரு பந்தயம் நடத்தப் பார்த்தார்கள். திறந்த சாலை. இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்கும் ஜனங்கள். புழுதியில் முன்னால் போகும் வண்டியே தெரியவில்லை. ரெனோ கார்க் கம்பெனியை ஆரம்பித்த சகோதரர்களில் ஒருவரான மார்சல் ரெனோ உள்பட ஓட்டியவர்களும் பார்த்தவர்களுமாகப் பலர் மாண்டார்கள். போர்டோ நகரத்திலேயே சர்க்கார் பந்தயத்தை நிறுத்திவிட்டது. மிஞ்சிய கார்களைக் குதிரைகளைப் பூட்டி ரயிலடிக்கு இழுத்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். அதன் பிறகுதான் வேகம் ஒரு வேலிக்குள் போயிற்று. பந்தயத்துக்கென்று தனித் தடங்கள் ஏற்பட்டன. பொதுச் சாலையில் மிஞ்சியது ராலி. வேகமாகப் போவதல்ல, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருப்பதுதான் அங்கே கெட்டிக்காரத்தனம். இன்றைக்கும் நம் நாட்டில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கலந்துகொள்வது இந்த ரகத்து ராலியில்தான். இன்ன தூரத்தை இன்ன சராசரி வேகத்தில் கடக்கவேண்டும் என்று ஒரு காகிதம் தருவார்கள். வழியில் எங்கே நின்று நேரத்தைக் குறிக்கிறார்கள் என்பது தெரியாது. தாமதமாக வந்தால் தண்டம். முன்னால் வந்துவிட்டாலும் தண்டம்! நம் ஊர்க் கல்யாணங்களில் இந்த விதியை அமுல் செய்தால் பாதிப் பேருக்குச் சாப்பாடு கிடைக்காது.

இன்னும் பின்னால் போனால், 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் வரையில் ஒரு பத்திரிகை நடத்திய போட்டியைச் சொல்லவேண்டும். 126 கிலோமீட்டர். குதிரையில்லாத வண்டிகளுக்குள் முதல் போட்டி இதுதான். டி டியோன் பிரபு தம்முடைய நீராவி வண்டியில் முதலாவதாக வந்து சேர்ந்தார். ஆனால் முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? கொதிகலனுக்குக் கரி போடுவதற்கு அவர் வண்டியில் இன்னொரு ஆள் இருந்தான். ஒருவனால் தனியாக ஓட்ட முடியாத வண்டி நல்ல வண்டியல்ல என்று நடுவர்கள் தீர்ப்புச் சொல்லி, பரிசை பெஜோவுக்கும் பான்ஹார்டுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். மோட்டார் சரித்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே, பக்கத்தில் இருக்கும் ஆசாமி உபயோகமில்லாதவன் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஆசாமிக்காகத்தான் நான் இதை எழுதுகிறேன்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பாப்பிரெட்டிப்பட்டி, சேர்வராயன் மலைக்கு வடக்கே, அதன் அடிவாரத்தை ஒட்டிய ஊர். ஏற்காட்டு மலையில் பிறந்து இறங்கும் வாணியாறு இந்தப் பக்கந்தான் வருகிறது. ரயில் ஏறவேண்டுமானால் பொம்மிடிக்குப் போகவேண்டும். 1965-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி தர்மபுரி தனி ஜில்லாவாகும் வரையில் இதெல்லாம் சேலம் ஜில்லா. சுற்றிலும் மலை, ஆகையால் வெளியே போகிறவன் எந்தத் திசையில் போனாலும் ஒரு கணவாய் குறுக்கே வரும். சேலத்துக்குப் போகிறவனுக்கு மஞ்சவாடிக் கணவாய். மேற்கே தொப்பூர்க் கணவாய். தொப்பூர் மிகப் பழைய வழி. 1790-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஜெனரல் மெடோஸின் படை துரத்திக்கொண்டு வந்தபோது, திப்பு சுல்தான் கையில் அகப்படாமல் நழுவிப் போனது அந்தக் கணவாய் வழியாகத்தான். பீரங்கி வண்டிகளோடும் மாடுகளோடும் ஒரு பெரிய சைன்யத்தை அந்த இடுக்கில் நுழைத்துக் கொண்டுபோனவர்களுக்கு, ராலி என்ற பெயர் தெரியாவிட்டாலும் வித்தை நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்தப் பக்கத்து ஜனங்கள் வண்டி ஓட்டுவதை எங்கே கற்றுக்கொண்டார்கள்? பழைய சேலம் ஜில்லாவைத் தமிழ்நாட்டின் லாரி ஜில்லா என்றே சொல்லலாம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி – இந்த ஊர்களில் லாரி வாங்குவது, பாடி கட்டுவது, பைனான்ஸ் கொடுப்பது எல்லாம் குடும்பத் தொழில்கள். ஆனால் அங்கே ஓட்டுநர் கல்லூரி என்று ஒன்றைத் தேடிக்கொண்டு போகவேண்டியதில்லை. கல்லூரி லாரிக்குள்ளேயே இருந்தது. ஒரு பையன் கிளீனராகச் சேருவான். கண்ணாடி துடைப்பான், தார்ப்பாய் கட்டுவான், ஸ்டெப்னி மாற்றுவான், டிரைவருக்கு டீ வாங்கி வருவான். மலை ஏற்றத்தில் வண்டி திணறினால் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்து, பின்சக்கரத்தின் அடியில் போட்டுக்கொண்டே கூட ஓடுவான். குறுகலான சந்தில் பின்னால் எடுக்கும்போது இடது பக்கம் பாதி உடம்பை வெளியே நீட்டி, தகரத்தைத் தட்டிக்கொண்டு, "வரட்டும்ண்ணே... வரட்டும்... லெப்டுல ஒடி... ஓல்டான்!" என்று குரல் கொடுப்பான். டிரைவர் அண்ணனுக்குத் தன் இடது பக்கம் தெரியாது. அந்தக் குரல்தான் கண். இப்படி நாலைந்து வருஷம் உட்கார்ந்து பார்த்தவனிடம், ஒரு நாள் விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, "ஏண்டா, கொஞ்ச நேரம் புடிக்கிறியா?" என்று அண்ணன் கேட்பார். பட்டமளிப்பு விழா அவ்வளவுதான்.

இந்தக் குருகுலத்தைப் பற்றி நான் பெருமையாகவே பேசுவேன். ஆனால் ஒரு குறையையும் சொல்லவேண்டும். அண்ணனுக்குத் தெரிந்தது தம்பிக்கு வந்தது. அண்ணன் தவறாகத் தெரிந்துகொண்டதும் அப்படியே வந்தது.

கிளீனரின் குரல் எவ்வளவு பெரிய சமாசாரம் என்பதை உலகத்துக்கு நிரூபித்தவர் ஒரு பத்திரிகைக்காரர். டெனிஸ் ஜென்கின்ஸன் என்று பெயர். ஆள் குட்டை, தாடி பெரிது. இத்தாலியில் 'மில்லே மில்யா' என்று ஆயிரம் மைல் சாலைப் பந்தயம் ஒன்று நடந்து வந்தது. ராலி அல்ல, அசல் பந்தயம். ஸ்டர்லிங் மாஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் மெர்ஸிடிஸ் கார் ஓட்டினார். 1955-ஆம் வருஷம் மே 1-ஆம் தேதி காலை 7 மணி 22 நிமிஷத்துக்குக் கிளம்பியதால் வண்டியின் நம்பரும் 722. ஆயிரம் மைல் சாலையை எந்த மனிதனாலும் மனப்பாடம் செய்ய முடியாது. ஜென்கின்ஸன் என்ன செய்தாரென்றால், முன்கூட்டியே அந்த வழியாகப் பலமுறை போய், எந்த வளைவு அபாயமானது, எந்த மேட்டுக்கு அப்பால் சாலை நேராகப் போகிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எழுதிய காகிதம் சுமார் 18 அடி நீளம். அதைச் சுருட்டி ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, கண்ணாடி ஜன்னல் வழியாகத் தெரியும்படி உருட்டிக்கொண்டே வந்தார். திறந்த காரில் இஞ்சின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. ஆகையால் கை ஜாடைதான். கண்ணுக்குத் தெரியாத மேட்டை நோக்கி மாஸ் முழு வேகத்தில் போவார். பக்கத்து ஆசாமியின் கை 'போ' என்று சொல்லியிருக்கும். 10 மணி 7 நிமிஷம் 48 விநாடியில் பந்தயம் முடிந்தது. இரண்டாவதாக வந்த பாஞ்ஜியோ சுமார் 32 நிமிஷம் பின்னால் வந்தார். பாஞ்ஜியோ லேசுப்பட்டவர் அல்ல. அந்தக் காலத்தில் அவருக்கு மிஞ்சிய சாரதி இல்லை. ஆனால் அவர் தனியாக ஓட்டினார்.

டி டியோன் பிரபுவுக்கு மறுக்கப்பட்ட நியாயம் 61 வருஷம் கழித்துக் கிடைத்தது என்று சொல்லலாமா? எனக்குச் சொல்ல ஆசைதான். இன்றைக்கு உலகத்தில் எந்தப் பெரிய ராலியிலும் பக்கத்து ஆசனம் காலியாக இருப்பதில்லை. அதில் இருப்பவர் மடியில் நோட்டு இருக்கும். ஜென்கின்ஸனின் காகிதச் சுருளோடு அதற்கு நெருங்கிய உறவு.

இப்போது பள்ளிக்கூடம். 1957-இல் ஜிம் ரஸ்ஸல் என்பவர் இங்கிலாந்தில் ஸ்நெட்டர்ட்டன் என்ற இடத்தில் பந்தய ஓட்டுநர்களுக்காக ஒரு பள்ளி ஆரம்பித்தார். அதுவரையில் இந்த வித்தை பிறவியில் வருவது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். அதே சமயத்தில் வடக்கே ஸ்வீடனிலும் பின்லாந்திலும் பள்ளி இல்லாமலே ஒரு புது வித்தை வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே வருஷத்தில் பாதி நாள் பனி, மீதி நாள் சரளை. வழுக்காத சாலை என்பதே அபூர்வம். ஸ்வீடன்காரர் எரிக் கார்ல்ஸன் 'ஸாப்' என்ற சிறிய காரில் 1962, 1963 இரண்டு வருஷமும் மாண்டி கார்லோ ராலியில் ஜெயித்தார். பின்லாந்துக்காரர் ரௌனோ ஆல்ட்டோனன் 1967-இல் அதே ராலியை மினி காரில் ஜெயித்தார். மற்றவர்கள் வழுக்கலைக் கண்டு பயந்தார்கள். இவர்கள் வழுக்கலையே ஸ்டியரிங்காக உபயோகித்தார்கள். இன்றைய ராலிப் பள்ளிகளில் இரண்டு நாளில் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இவர்கள் கண்டுபிடித்ததைத்தான்.

அந்த இரண்டு நாள் எப்படி இருக்கும்? சனிக்கிழமை காலையில் காரை ஓட்டலாம் என்று ஆவலாகப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம். உட்காரச் சொல்லிக் கொடுப்பார்கள்! முதுகு ஆசனத்தில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் கைகள். ஒரு கையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டிய கனவான்களுக்கு இதுவே பெரிய தண்டனையாகத் தோன்றும்.

அடுத்தது பிரேக். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பாடம் பாதி தெரியும். டிரைவர் பிரேக் போட்டால் நாம் எல்லாரும் முன்னால் சாய்கிறோம். நாம் மட்டுமல்ல, பஸ்ஸே சாய்கிறது. பாரம் முன்சக்கரங்களின்மேல் போய் உட்காருகிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன. வேகத்தை அழுத்தினால் பாரம் பின்னால் போகிறது. பாரம் உள்ள சக்கரத்துக்குத்தான் தரையில் பிடிப்பு. ஆகையால் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு முடித்துவிடவேண்டும். பாரம் முன்னால் இருக்கும்போது திருப்பவேண்டும். திரும்பிய பிறகு மெல்ல வேகம் கொடுக்கவேண்டும். வளைவுக்குள் போன பிறகு பயந்துபோய்ப் பிரேக்கை மிதித்தால், லேசாகிப் போன பின்பக்கம் தன் இஷ்டப்படி முன்னால் வரப் பார்க்கும். நம் மலைச் சாலைகளில் நடக்கும் விபத்துக்களில் எத்தனையோ இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

பிறகு ஒரு மண் மைதானத்தில் ரப்பர்க் கூம்புகளை வைத்து, வண்டியை வேண்டுமென்றே வழுக்க விடுவார்கள். பின்பக்கம் வலது பக்கமாகச் சரிந்தால் ஸ்டியரிங்கையும் வலது பக்கமே திருப்பவேண்டும். இது புத்திக்குத் தெரிந்தால் போதாது, கைக்குத் தெரியவேண்டும். அதற்குத்தான் இருபது தடவை, முப்பது தடவை செய்யச் சொல்கிறார்கள். இடது காலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வலது காலால் வேகத்தை விடாமல் பிடிப்பது, வலது பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் முதலில் இடது பக்கம் ஒடித்து ஊஞ்சல் மாதிரி வண்டியை வீசித் திருப்புவது – இவை ஞாயிற்றுக்கிழமைப் பாடங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை நாள் முழுதும் கத்திக்கொண்டே இருப்பார்கள்: மரத்தைப் பார்க்காதே, போகவேண்டிய வழியைப் பார்! கண் எங்கே போகிறதோ அங்கேதான் கை வண்டியைக் கொண்டுபோகும். சாலையில் தனியாக நிற்கும் ஒற்றைப் புளிய மரத்தில் கார்கள் போய் மோதுகிற மர்மத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

கடைசியில் இடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். ஓட்டியவர் பக்கத்து ஆசனத்துக்கு வரவேண்டும். வழிப்புத்தகத்தில் சிறு சிறு படங்கள் இருக்கும். ஒரு பந்தும் ஒரு அம்பும். பந்திலிருந்து அம்பு வரையில் போகவேண்டிய வழி. ஹாலந்தில் 1949-இல் ஆரம்பித்த டியூலிப் ராலியில் வந்த வழக்கம் என்பதால் இந்தப் படத்துக்கே டியூலிப் என்று பெயர். வேக ராலிக்கு வேறு நோட்டு. முதல் நாள் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய், டிரைவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது. "நூறு, வலது மூன்று, உள்ளே ஒட்டாதே, மேட்டுக்கு அப்பால் இடது ஐந்து" என்கிற தினுசில் இருக்கும். வளைவு எவ்வளவு கடுமை என்பதற்கு எண். குலுங்குகிற வண்டியில் தலையைக் குனிந்துகொண்டு, வயிற்றைப் பிரட்டுவதை அடக்கிக்கொண்டு, சரியான கணத்தில் சரியான வரியை வாசிக்கவேண்டும். ஒரு விநாடி முன்னால் சொன்னால் மறந்துபோகும். ஒரு விநாடி பின்னால் சொன்னால் பள்ளம். ஓட்டுவதைக் காட்டிலும் இது கஷ்டமென்று பலர் அன்றைக்குத்தான் உணருகிறார்கள். பேஷ், கிளீனர் பையன்!

சென்னை ராஜதானியில் இந்த விளையாட்டு வேர் பிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் ஏற்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது போட்ட சோழவரம் விமான ஓடுதளம் அவர்களுடைய பந்தய மைதானமாயிற்று. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வந்தது. அந்தக் கிளப் நடத்திய தென்னிந்திய ராலியில் ஏழு தடவை ஜெயித்தவர் கோயம்புத்தூர் ஜி. ஆர். கார்த்திகேயன். கோயம்புத்தூரில் கரிவர்தன் என்ற இன்னொருவர், மாருதி காரின் இஞ்சினை வைத்தே ஒற்றை ஆசனப் பந்தயக் கார்கள் கட்டி, இளைஞர்களுக்கு ஓட்டக் கொடுத்தார். 1995-இல் அவர் விமான விபத்தில் காலமானார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கார்த்திகேயன் விஷயத்தில்தான் நமக்கு வேண்டிய சாட்சியம் கிடைக்கிறது. தகப்பனார் ஏழு தடவை ஜெயித்தவர். வீட்டிலேயே குருகுலம். அப்படியிருந்தும் மகன் நரேன் 1992-இல், பதினைந்து வயதில், பிரான்ஸ் தேசத்தில் வின்பீல்ட் என்ற பந்தயப் பள்ளிக்குப் போனார். 2005-இல் உலகத்தின் உச்சிப் பந்தயமான பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அண்ணனிடம் கற்றது போதும் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு, அதை மறைக்கக்கூடாது. கென்யாவில் கெரிச்சோ என்ற ஊரில் பிறந்த ஜோகிந்தர் சிங். தகப்பனார் கராஜில் வேலை கற்றவர். 1958-இல் ஆட்டோமொபைல் சங்கத்தின் ரோந்து மெக்கானிக் ஆனார். அதாவது, வழியில் நின்றுபோன கார்களைத் தேடிக்கொண்டு போய் ஓடவைக்கும் உத்தியோகம். கிழக்கு ஆப்பிரிக்க ஸபாரி ராலி 1953-இல், எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்காக ஆரம்பித்தது. உலகத்திலேயே கார்களை உடைப்பதில் பெயர் போன ராலி அது. மழைக் காலத்துச் செம்மண் சேற்றில் பெரிய பெரிய கம்பெனிகளின் புதுக் கார்கள் சாய்ந்து கிடக்க, 1965-இல் ஜோகிந்தர் தம்முடைய தம்பி ஜஸ்வந்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒரு பழைய வோல்வோ காரில் ஜெயித்தார். 1974-இலும் 1976-இலும் மறுபடி ஜெயித்தார். அவர் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. ஆனால் மற்றவர்களுடைய கார்கள் ஏன் நின்றுபோகின்றன என்பதை அவரளவு நெருங்கிப் படித்தவர்கள் அந்தத் தேசத்தில் சிலர்தான் இருந்திருப்பார்கள். அதுவும் ஒரு பள்ளிக்கூடந்தானே?

நம் பக்கத்துக்கு மறுபடி வருகிறேன். பின்லாந்தில் லைசென்ஸ் வாங்குகிறவன் வழுக்குத் தரையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியையும் பெறவேண்டும் என்று விதி செய்தார்கள். ராலியில் கண்டுபிடித்த வித்தையைப் பால்காரனுக்கும் பள்ளி ஆசிரியைக்கும் கொடுத்துவிட்டார்கள். இங்கே மோட்டார் சைக்கிளுக்கு எட்டுப் போடச் சொல்கிறோம். காருக்குக் கொஞ்ச தூரம் ஓட்டி, பின்னால் எடுத்துக் காட்டச் சொல்கிறோம். வண்டி வழுக்கினால் என்ன செய்வாய் என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூர்ப் பக்கம் போய் வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம். காசு இருக்கிறவர்கள் போய்க் கற்றுக்கொள்கிறார்கள். பாப்பிரெட்டிப்பட்டியில் மினி லாரி ஓட்டும் பையனுக்கு அந்த இரண்டு நாள் கட்டணம் கட்டுப்படியாகாது.

அவனுக்கு இருந்த குருகுலமும் இப்போது மூடிக்கொண்டு வருகிறது. கிளீனர் வேலைக்குப் பையன்கள் வருவதில்லை. வராதது நல்லதுதான், அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கூலி மிச்சமென்று சொந்தக்காரர்களும் ஒற்றை டிரைவரை வைத்தே லாரியை அனுப்புகிறார்கள். நாஷனல் பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் இருக்கவேண்டும் என்று இருந்த விதியை 2018-இல் மத்திய சர்க்கார் எடுத்துவிட்டது. 1894-ஆம் வருஷத்து நடுவர்கள் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

தொப்பூரில் தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் பக்கம் சாலை நெடுக இறக்கம். 2020-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கட்டுக்கு அடங்காமல் இறங்கிய ஒரு சிமெண்டு லாரி பத்துக்கு மேற்பட்ட வண்டிகளை மோதிற்று; 4 பேர் மாண்டார்கள். 2024-ஆம் வருஷம் ஜனவரியில் மறுபடி ஒரு கோர விபத்து. அதிலும் 4 பேர். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிப்பதற்காகக் கியரை நியூட்ரலில் தள்ளிவிடும் பழக்கம் நம் லாரிகளில் வெகு நாளாக இருக்கிறது. இதுதான் அண்ணன் தவறாகத் தெரிந்துகொண்டு தம்பிக்குக் கொடுத்தது. சின்னக் கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்து இழுக்கும். நியூட்ரலில் போட்டால் இருபது முப்பது டன் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்கவேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் காய்கிறது. காய்ந்த டிரம்மில் லைனிங்குக்குப் பிடிப்பு இல்லை. இஞ்சினையும் அணைத்துவிட்டாலோ, காற்றுப் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரும் நின்றுபோகும். நாலைந்து தடவை மிதித்தபின் மிதிக்க ஒன்றும் இருக்காது.

முன்னெல்லாம் அப்படி இறங்கும்போது கிளீனர் பையனுக்கு முதலில் மூக்கில் வாசனை தெரியும். லைனிங் கருகும் வாசனை. "அண்ணே, தீயற நாத்தம் அடிக்குதுண்ணே" என்பான். அண்ணன் ஓரங்கட்டுவார். இருவரும் இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, டிரம் ஆறும் வரையில் புளிய மரத்தடியில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள்.

இப்போது அந்த ஆசனத்தில் டிரைவரின் தண்ணீர் பாட்டிலும், சோற்றுத் தூக்கும், பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் செல்போனும் இருக்கின்றன.